அசையாமல் நின்ற இரண்டு அலைகள்

ஜெபா,

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை நீ. ஞாயிறு பள்ளியில் வேத வசனத்தை எழுத்துக்கூட்டி வாசித்ததோடு உன் தமிழ் வாசிப்பு நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும். இங்கிலீஷில் எழுதினால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹவ்மா, ஆமா, படிச்சிட்டேன்" என்று போனை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். இது அப்படிப் போகிற விஷயம் இல்லை. மெதுவாக வாசி. எங்கே எழுத்து தடுக்கிறதோ அங்கே யாரிடம் கேட்க வேண்டுமோ அந்த ஆளை நானே ஏற்பாடு செய்திருக்கிறேன். என்னிடம் மட்டும் வந்து கேட்காதே. நேற்று மத்தியானத்திலிருந்து நான் நானாக இல்லை. காலையில் கோவிலில் காணிக்கைப் பையை வாங்கும்போது கீழே போட்டுவிட்டேன். வாயைத் திறந்தால் அழுகை வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னைக் கொன்றிருப்பேன், ஜெபா. இதை எழுதிப் பார்க்கும்போதுதான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே உறைக்கிறது. அடுத்த வாரம் கல்யாணம். பத்திரிகை எல்லாம் கொடுத்தாயிற்று. நான் பெற்ற பிள்ளையை, என் வாயால் ஒரே ஒரு வார்த்தை சொல்லி, உன் சொந்தப் பட்டறையில் வைத்து, நானே கொன்றிருப்பேன். நீ நேற்றே அதை மறந்துவிட்ட மாதிரி காட்டிக்கொண்டாய். ராத்திரி சாப்பிடும்போது உன் கூட்டாளி இம்ரானுக்கு போன் போட்டு, "அம்மா டீ வீசிருச்சே பாய்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ அங்கேதான் இருந்தாய் என்றாலும் உனக்குத் தெரியாதது அதில் நிறைய இருக்கிறது.

நேற்றுக் காலையில் மல்லாபூர் பட்டறையிலிருந்து நீ போன் செய்தாய். நீயும் இம்ரானும் சேர்ந்து செய்த பேனல், இரண்டு ஜெனரேட்டர்களை ஒன்றாக இணைத்து ஓட்டுகிற பேனல், திங்கட்கிழமை வாங்குகிறவர்கள் வந்து பார்க்கப்போகிறார்கள், அதற்குள் ஒத்திசைவு காட்டும் மீட்டர் கெட்டுவிட்டது, புதிது செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றாய். "மா, உன் ஸ்கோப் கொண்டு வா மா. நீ பாத்துச் சொன்னாப் போதும்" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ரிட்டயர் ஆன பிறகு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. குஷாய்குடாவில் அந்தப் பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஆலையின் டெஸ்டிங் பிரிவில், மின்சார அலையைத் திரையில் வரைந்து காட்டுகிற ஸ்கோப்பின் முன்னால் என் வாழ்நாளே போயிற்று. அங்கே புதுப்பெண்கள் எல்லாம் ஒரு அலை திரையில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் என்னைத்தான் தேடி வருவார்கள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து என் பழைய இரட்டைச் சேனல் ஸ்கோப்பை இறக்கித் துடைத்து, பழைய சேலையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பேரனைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று மனதுக்குள் நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பட்டறையில் என்ன ஆபத்து என்று உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் இதை வாசிக்கிற இன்னொரு ஆளுக்குத் தெரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு ஜெனரேட்டரின் மின்சாரமும் அலை மாதிரி ஏறி இறங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கும்போதுதான் அவற்றை இணைக்கலாம். ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது பள்ளத்தில் இருந்தால், அந்த நேரம் பார்த்து இரண்டையும் இணைக்கிற பெரிய சுவிட்சை, அந்த பிரேக்கரைப் போட்டால், எஞ்சினின் தண்டு முறியும், பேனல் வெடிக்கும், முன்னால் நிற்கிறவன் முகத்தில் நெருப்பு அடிக்கும். அந்த இரண்டு அலைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஃபேஸ் வித்தியாசம். ஒரு முழு அலை முந்நூற்று அறுபது டிகிரி. அதில் ஒன்று மற்றதைவிட எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஸ்கோப் திரையின் கட்டத்தில் அளந்து கணக்குப் போடலாம். ஒத்துப்போகாத நேரத்தில் பிரேக்கரைப் போடவிடாமல் தடுக்கிற காவல் ஒன்று எப்போதும் உண்டு. அதுவும் அந்தக் கெட்ட மீட்டரோடு சேர்ந்தது என்பதால் அதை ஒரு வயரைப் போட்டுத் தாண்டியிருந்தீர்கள். அதாவது நேற்று உனக்கும் அந்த நெருப்புக்கும் நடுவில் இருந்த ஒரே காவல் நான்தான்.

இரண்டு எஞ்சினையும் இம்ரான் ஓட்டிவிட்டான். ஐயோ, என்ன சத்தம்! என் காது மெஷினுக்குள் அது கரகரவென்று இரைந்தது. தாங்க முடியாமல் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டேன். நீங்கள் இருவரும் காதடைப்பான் மாட்டிக்கொண்டீர்கள். இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்சாரத்தைக் குறைத்து, ஒன்றை முதல் சேனலிலும் மற்றதை இரண்டாவது சேனலிலும் கொடுத்தேன். அப்போது இம்ரான் என் காதருகே வந்து, தன் காதடைப்பானை விலக்கி, "ஆன்ட்டி, லேம்ப் பீ லகாதூம் க்யா?" என்று கத்தினான். லேம்பும் மாட்டிவிடட்டுமா என்று கேட்கிறான். இரண்டு ஜெனரேட்டருக்கும் நடுவில் மூன்று பல்பு போட்டால், ஒத்துப்போகும்போது அணையும், விலகும்போது எரியும். பழைய முறை, ஆனால் பொய் சொல்லாத முறை. நான் என்ன சொன்னேன்? "நக்கோ பேட்டா, ஸ்கோப் ஹை நா!" என்றேன். ஸ்கோப் இருக்கும்போது பல்பு எதற்கு என்ற திமிர். அவன் "ஹவ் ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே எஞ்சின் பக்கம் போய்விட்டான்.

திரையில் இரண்டு அலைகளும் வந்தன. பச்சைக் கோடு இரண்டும், ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்த மாதிரி, அப்படியே அசையாமல் நின்றன. இடைவெளியே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளை எஞ்சின் வேகத்தை எவ்வளவு கச்சிதமாக வைத்திருக்கிறான் பார் என்று நினைத்தேன். நீ பிரேக்கரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாய். நான் கட்டைவிரலை உயர்த்தி, "சேத்துரு!" என்று வாயசைத்தேன். நீ தலையாட்டிவிட்டுப் பேனல் பக்கம் திரும்பினாய்.

அந்த நேரத்தில்தான் டீயைப் பார்த்தேன். நீங்கள் எனக்கென்று வாங்கி வைத்த டீ, சில்வர் டம்ளரில், ஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே ஆறிப்போய் இருந்தது. எஞ்சின் அதிர்வில் அதன் மேல் சின்னச் சின்ன வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கட்டும், அதிலொன்றும் இல்லை. ஆனால் அந்த நடுக்கம் ஒரே மாதிரி இல்லை. ஏறியது, அடங்கிப் பால் மாதிரி அமைதியானது, திரும்ப ஏறியது, திரும்ப அடங்கியது. இரண்டு எஞ்சினும் ஒரே வேகத்தில் ஓடினால் அப்படி வராது. ஒன்று மற்றதைவிட ஒரு இழை வேகமாக ஓடினால்தான் இரண்டு அதிர்வும் சேர்ந்தும் விலகியும் இப்படி ஏறி இறங்கும். காது மெஷின் இருந்திருந்தால் அந்த ரீங்காரம் கூடிக் குறைவது எனக்குக் கேட்டிருக்கும். வேகம் வேறு என்றால் திரையில் ஒரு அலை மற்றதைத் தாண்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நிற்கவே கூடாது. என் திரையிலோ இரண்டும் நிற்கின்றன!

என் உயிர் என்னிடம் இல்லை. "ஏல! வேண்டாம்ல! கைய எடுல!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உனக்கு எப்படிக் கேட்கும்? உன் முதுகுதான் எனக்குத் தெரிகிறது. உன் தோள் இறங்குகிறது, கைப்பிடியை அழுத்தப்போகிறாய். எழுந்து ஓடி வர நேரம் இல்லை. கையில் கிடைத்தது டம்ளர்தான். டீயோடு எடுத்து வீசினேன். வாழ்க்கையில் ஒரு கல்லைக்கூடக் குறிபார்த்து எறிந்தவள் இல்லை நான். கர்த்தர் கிருபை, அது உன் முதுகின் நடுவில் போய் விழுந்தது.

நீ துள்ளித் திரும்பினாய். காதடைப்பானைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "கைக்குமா? ஏன்மா? பைத்தியமா உனக்கு!" என்று கத்தினாய். நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த நீலச் சட்டை முழுக்க டீ. ஸ்கோப்பின் ஒரு பொத்தானைக் காட்டினேன். நீ வந்து பார்த்தாய். நான் சைகை காட்டியபடி ட்ரிகர் பொத்தானை முதல் சேனலுக்கு மாற்றினாய். உடனே இரண்டாவது அலை நகரத் தொடங்கியது. சாவகாசமாக, தெருவில் நடந்து போகிறவன் மாதிரி, முதல் அலையின் உச்சியைத் தாண்டி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி, போய்க்கொண்டே இருந்தது. நீ அதைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாய். இம்ரான் ஓடிவந்து இரண்டு எஞ்சினையும் அணைத்தான். நான் "சேத்துரு" என்று சொன்ன நொடியில் அந்த அலை எங்கே இருந்தது? உச்சியிலா, பள்ளத்திலா? எத்தனை டிகிரி? யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை.

அந்தப் பொத்தானைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இன்றைக்கு உள்ள டிஜிட்டல் ஸ்கோப்பில் வேலை பார்க்கிற உனக்கு அதன் குணம் தெரியாது. ஸ்கோப் ஒரு அலையை எங்கிருந்து வரையத் தொடங்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் ட்ரிகர். முதல் அலையை வைத்து அந்தத் தொடக்கத்தைத் தீர்மானித்து, அதே தொடக்கத்திலிருந்து இரண்டாவதையும் வரைந்தால், இது அதைவிட எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரியும். அந்தப் பொத்தானை அழுத்தினாலோ, முதல் அலையை அதன் சௌகரியத்துக்கு ஒரு தடவை, இரண்டாவதை அதன் சௌகரியத்துக்கு ஒரு தடவை என்று மாறி மாறி வரையும். இரண்டும் அதது இஷ்டத்துக்குத் தொடங்குவதால் இரண்டும் அழகாக நிற்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாவிட்டாலும் நிற்கும். பார்க்கிறவனுக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒற்றுமையாகத் தெரியும். எங்கள் பிரிவில் ஒரு ஸ்கோப்பை இரண்டு பெண்கள் பங்குபோட்டு வேலை செய்வோம். அவள் போர்டு ஒரு சேனலில், என் போர்டு மறு சேனலில். எங்களுக்கு ஒன்றோடு ஒன்று ஒப்பிடுகிற தேவையே இல்லை. அவரவர் அலை நின்றால் போதும். அதனால் நாங்கள் அதை 'சமாதானப் பொத்தான்' என்று கேலியாகச் சொல்லுவோம். இரண்டு பேரும் சண்டை போடாமல் வேலை பார்க்க அது வேண்டும். பார்வையாளர்கள் வருகிறார்கள் என்றால் மேலதிகாரி முன்கூட்டியே வந்து, "எல்லாத் திரையும் நிக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். ஓடுகிற அலை என்றால் வேலை தெரியாதவள் என்று அர்த்தம்.

நேற்று வீட்டுக்கு வந்த பிறகும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஸ்கோப் அலமாரியில் கிடந்தபோது அந்தப் பொத்தான் ஏற்கெனவே அழுந்தி இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை, கவனக்குறைவு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். இன்று காலை கோவிலில் அந்த ஆறுதலும் போயிற்று. பாட்டு பாடும்போது பின்வரிசை எப்போதும் ஆர்கனைவிட அரை அடி தாமதமாகத்தானே பாடும்? அது இழுத்துக்கொண்டே வந்தது. கேட்டுக்கொண்டே இருந்த எனக்குத் திடீரென்று கண்முன் வந்தது. அலை நகர்ந்தது, ஜெபா. நான் ஸ்கோப்பைப் போட்டவுடன் முதலில் வந்த படத்தில் இரண்டாவது அலை நகர்ந்துகொண்டுதான் இருந்தது. நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். பார்த்தவுடன் என் சுட்டுவிரல், என்னைக் கேட்காமலே, போய் அந்தப் பொத்தானை அழுத்தியது. நின்றது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். கருவி உண்மையைத்தான் காட்டியது. அதை அடக்கியது நான். பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் பிரஷர் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

இன்னொன்று. நேற்று நாச்சாரம் ரோட்டில் உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வரும்போது, சிக்னலில் நிறுத்திவிட்டு நீ ஒன்று சொன்னாய். "நீ சொன்னா நான் செக் பண்ண மாட்டேன்மா. இம்ரான் சொன்னா ரெண்டு தடவை பாப்பேன். நீ சொன்னா கண்ணை மூடிட்டுப் போட்டுருவேன். ஷெரினைக் கட்டிக்கவும் அப்படித்தானே ஓகே சொன்னேன்?" என்றாய். பாராட்டாகத்தான் சொன்னாய். பச்சை விளக்கு வந்தது, நீ வண்டியை எடுத்துவிட்டாய். பின்னால் எனக்கு உட்காரவே முடியவில்லை. உன் ஈரச் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குளிர்கிறதா என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

நம் வீட்டில் சண்டையே கிடையாது என்று கோவிலில் நமக்குப் பெயர். அந்தப் பெயரை நான்தான் வாங்கினேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது கோவா டூர் போகவேண்டும் என்று குதித்தாய். அப்பாவோ நம் ஊர் பாளையங்கோட்டைக்கு எல்லோரும் போகவேண்டும் என்றார். உன்னிடம் வந்து, "அப்பாவுக்கு உன்னை அனுப்ப ஆசைதான், பாவம், பயப்படுதாங்க" என்றேன். அவரிடம் போய், "அவனுக்கே டூர்ல மனசில்ல, சிநேகிதனுங்களுக்காகச் சொல்லுதான்" என்றேன். இரண்டு பேரும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துப் பரிதாபப்பட்டீர்கள். எனக்கு எவ்வளவு திருப்தி! அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த ஒன்றுக்காக நான் பெரிதாக வருத்தப்படவில்லை. கோவா எங்கேயும் ஓடிப்போகவில்லை. ஆனால் விரலுக்குப் பழகியது விரலோடு நிற்கவில்லை.

இப்போது சொல்லப்போகிறதை நிறுத்தி நிதானமாக வாசி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஷெரின் என்னைப் பார்க்க வந்தாள். குகட்பள்ளியிலிருந்து வெயிலில் ஸ்கூட்டியில் வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள். பூனாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. விபத்தில் நடை இழந்தவர்களை நடக்கவைக்கிற பயிற்சி, பிசியோதெரபி படித்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்ட வேலை. இரண்டு வருடம் அங்கே இருக்க வேண்டும். கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே போய்ச் சேர வேண்டும். "அத்தை, அவங்க ஒத்துக்கிடுவாங்களா? எனக்குச் சொல்லப் பயமா இருக்கு. நீங்க கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். நான் உன்னிடம் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து அவளுக்கு போன் செய்து, "அவனுக்குச் சம்மதம்தான் தாயி. பெருமையாச் சொல்லுதான். நீ இப்ப அதைப் பத்தி அவங்கிட்டப் பேச்செடுக்காத, கல்யாண டென்ஷன்ல இருக்கான்" என்றேன். அவள் போனிலேயே அழுதாள். சந்தோஷ அழுகை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டு மேசையில் என்ன சொன்னாய்? "மா, கல்யாணத்துக்கப்புறம் ஷெரின் அந்த ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டுப் பட்டறைக் கணக்கைப் பாத்துக்கிட்டா நல்லாருக்கும்ல? நானும் இம்ரானும் தனியா முழிக்கோம். அவ ஒத்துக்குவாளா?" என்றாய். "அவளுக்கும் அதான் ஆசை, எங்கிட்டச் சொன்னாளே" என்றேன். கறியைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னேன், ஜெபா. கண்கூட இமைக்கவில்லை. நீ உடனே பட்டறையின் முன்னறையில் அவளுக்கு மேசை போடுவது பற்றிப் பேச ஆரம்பித்தாய். அந்த மேசை வந்தும் விட்டது. நேற்று அதைத்தான் உள்ளே இழுத்துப் போட்டு, அதன்மேல் என் ஸ்கோப்பை வைத்தோம்.

ஏன் இப்படிச் செய்தேன்? உனக்கு முதலில் பெண் பேசிய இடம் ஒரு சின்ன வாக்குவாதத்தில் முறிந்துபோனது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இதுவும் போனால் நீ தனியாளாக நின்றுவிடுவாயோ என்று பயம். கல்யாணம் ஆகட்டும், ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டால் தானாகச் சரியாகும் என்று நினைத்தேன். உங்கள் இருவரையும் நான் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கவே இல்லை. அவள் இஷ்டத்தைத் தனியாக ஒரு தடவை கேட்டுக்கொண்டேன், உன் இஷ்டத்தைத் தனியாக ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். என் திரையில் இரண்டு பேரும் அழகாக நின்றீர்கள். ஊரையெல்லாம் கூப்பிட்டு, போதகரிடம் தேதி வாங்கி, உன்னிடம் "சேத்துரு" என்று சொல்லிவிட்டேன். நீயும் என்னை நம்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். இந்தத் தடவை வீச டம்ளர் இல்லை, அதனால் இந்தக் காகிதத்தை வீசுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இன்றைக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் தாயாச்சே, வாய் சும்மா இருக்காது. யார் சொன்னாலும், நான் சொன்னாலும், பல்பை மாட்டிப் பார். அவள் சொன்னதாக இன்னொருவர் சொல்வதைக் கேட்காதே. அவள் வாயால் கேள். அவள் உன்னிலிருந்து தள்ளி நின்றால் எவ்வளவு தள்ளி என்று பார். பதறிப்போய் உடனே நிறுத்தப் பார்க்காதே. நகர்கிற அலை ஒன்றும் பாவம் இல்லை. நேற்று என்ன செய்தாய், நினைத்துப் பார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, மூன்று பல்பையும் மாட்டச் சொல்லி, எஞ்சினைத் திரும்ப ஓட்டி, இம்ரான் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக, எரிந்து அணைந்து எரிந்து அணைந்து, அணைகிற நேரம் நீண்டுகொண்டே வர, நீ பொறுமையாகக் காத்திருந்து, இருட்டிய அந்த நொடியில் கைப்பிடியைப் போட்டாய். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்; உள்ளே வரத் தைரியம் இல்லை.

காத்திருக்கத் தேவைப்பட்டால் காத்திருங்கள். தேதியைத் தள்ள வேண்டும் என்று இருவரும் சொன்னால், பத்திரிகை கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் நானே போய்ச் சொல்வேன். போதகரிடமும் ஷெரினின் அப்பாவிடமும் நானே சொல்வேன், குற்றம் என்னுடையது என்று. வேண்டவே வேண்டாம் என்று முடிவானாலும், ஐயோ, அதை எழுதக் கை வரவில்லை, அப்படி முடிவானாலும் நான் இடையில் வரமாட்டேன். கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று பயந்துதான் இத்தனையும் செய்தேன். அதைவிடப் பெரிய பயத்தை நேற்று பார்த்துவிட்டேன்.

ஷெரின், நீ பாளையங்கோட்டையில் தமிழில் படித்தவள். இந்நேரம் இந்தக் காகிதம் உன் கையில்தான் இருக்கும். அவன் முதல் பத்தியிலேயே திணறி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உன்னிடம் கொடுத்திருப்பான். பிளவுஸ் அளவு பார்க்க வரச்சொல்லி உன்னை அழைத்தது பொய், தாயி; அதுதான் நான் உன்னிடம் சொல்லுகிற கடைசிப் பொய். தனித்தனியாக இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த வாய் திரும்பவும் அவனுக்கு ஒரு மாதிரி, உனக்கு ஒரு மாதிரி மெழுகிவிடும். அதனால்தான் ஒரே காகிதத்தில் எழுதினேன், நீ வாசித்தால்தான் அவனுக்கு விளங்கும் என்கிற மாதிரி எழுதினேன். பூனாவைப் பற்றி நீ வாசிக்கும்போது அவன் முகத்தைப் பார்த்திருப்பாய். மேசையைப் பற்றி வாசிக்கும்போது அவன் உன் முகத்தைப் பார்த்திருப்பான். நான் பார்க்கவில்லை. அது நான் பார்க்க வேண்டியது இல்லை.

நான் அடுக்களையில் இருக்கிறேன். கதவைச் சாத்தியிருக்கிறேன். காது மெஷினைக் கழற்றி, ஜெபா, உன் முன்னால் இருக்கிற அந்தப் பூச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், பார். நீங்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் எனக்குக் கேட்காது. பேசி முடித்த பிறகு, இரண்டு பேரில் யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுங்கள். அதுவரை நான் வெளியே வரமாட்டேன்.

அம்மா